நியூயார்க் மேயரைத் தெரியும், நம் ஊராட்சித் தலைவரை?

2026 ஜனவரி 1 அன்று நியூயார்க் மாநகரின் மேயராக ஜோரான் மம்தானி பதவியேற்றார். நிலக்கோட்டை வட்டாரத்தில் முற்போக்கு அரசியல் பேசும் தோழர்கள் பலருக்கு அவரைப் பற்றி எல்லாம் தெரியும். அம்மா திரைப்பட இயக்குநர் மீரா நாயர். அப்பா பேராசிரியர் மஹ்மூத் மம்தானி. வாடகை உயர்வுக்குத் தடை, கட்டணமில்லாப் பேருந்து, எல்லாக் குழந்தைகளுக்கும் காப்பகம் என்று அவர் கொடுத்த வாக்குறுதிகளை வரிசையாக ஒப்பிப்பார்கள். மகிழ்ச்சிதான்.

அதற்கு நான்கு நாள் கழித்து, ஜனவரி 5 அன்று, இன்னொரு செய்தி இருந்தது. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஊரக உள்ளாட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 உடன் முடிந்தது. திண்டுக்கல் மாவட்டமும் அதில் அடக்கம். நிலக்கோட்டை பேரூராட்சிக்கு 2022இல் தேர்தல் நடந்ததால் அங்கே மன்றம் இருக்கிறது. ஆனால் சுற்றியுள்ள கிராம ஊராட்சிகளில் தலைவரும் இல்லை, வார்டு உறுப்பினரும் இல்லை. தனி அலுவலர்கள்தான் நிர்வாகம் செய்கிறார்கள். இந்த நிலைக்கு ஓராண்டு நிறைவடைந்த நாள் அது. அன்று என் கண்ணில் பட்ட ஸ்டேட்டஸ்களில் ஒன்றுகூட இதைப் பற்றிப் பேசவில்லை.

கிராம ஊராட்சித் தலைவர் பதவி என்ன அவ்வளவு பெரிய பதவியா என்று கேட்கலாம். நமக்கு அது பெரிய பதவிதான். இங்கிருந்து பக்கத்து மாவட்டமான மதுரையில், மேலவளவு ஊராட்சித் தலைவராகத் தேர்வான முருகேசன் 1997 ஜூன் 30 அன்று தன்னோடு வந்தவர்களுடன் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் செய்த ஒரே குற்றம், ஒதுக்கப்பட்ட நாற்காலியில் ஒரு தலித் உட்காரத் துணிந்தது. உசிலம்பட்டி பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலித் தலைவர் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே 1996 முதல் 2006 வரை பத்தாண்டுகள் தேர்தலை நடத்தவிடாமல் செய்தார்கள். அப்படி ரத்தம் சிந்தி வாங்கிய நாற்காலி இன்று ஓராண்டாகக் காலியாகக் கிடக்கிறது. யாரும் கொலை செய்யவில்லை, மிரட்டவில்லை. கோப்புகளில் சத்தமில்லாமல் காலியானது. நாமும் சத்தமில்லாமல் இருந்துவிட்டோம்.

அமெரிக்கச் செய்தி படிக்கிறவர்களைக் கேலி செய்வது இந்தக் கட்டுரையின் நோக்கம் அல்ல. "ஊர்க் கதையைப் பார், உலகக் கதை உனக்கெதற்கு" என்பது நம்மைக் கிணற்றுக்குள்ளேயே வைத்திருக்க நினைப்பவர்கள் பேசும் பேச்சு. சாதி ஒழிப்பு இயக்கத்துக்கு அமெரிக்கா ஒருபோதும் அந்நியமாக இருந்ததில்லை. 1873இல் ஜோதிராவ் பூலே தன் 'குலாம்கிரி' நூலை, கறுப்பின அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குக் காணிக்கையாக்கினார். இணையம் இல்லாத, தொலைபேசி இல்லாத புனேயில் உட்கார்ந்துகொண்டு அவர் அமெரிக்க அரசியலைக் கவனித்தார். 1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போன அண்ணல் அம்பேத்கர், 1946இல் கறுப்பினச் சிந்தனையாளர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதி, அவர்கள் ஐக்கிய நாடுகள் சபைக்கு அளித்த மனுவின் நகலைக் கேட்டார். 1966இல் அங்கே தொடங்கிய கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைப் பார்த்துத்தான் 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள் இயக்கம் பிறந்தது.

இவர்கள் எல்லோரும் அமெரிக்கச் செய்தியைப் படித்தார்கள். படித்ததோடு நிற்காமல், அதற்கு இங்கே என்ன பெயர் என்று கேட்டார்கள். அங்கே அடிமை என்றால் இங்கே சூத்திரன், தீண்டத்தகாதவன். அங்கே மனு கொடுக்கிறார்கள் என்றால் இங்கே நாம் எங்கே மனு கொடுப்பது? அமெரிக்காவைக் கண்ணாடியாக்கித் தங்கள் தெருவைப் பார்த்தவர்கள் அவர்கள். நம் கையிலும் அதே கண்ணாடி இருக்கிறது. ஆனால் நாம் அதில் அமெரிக்காவை மட்டுமே பார்க்கிறோம்.

ஏன் அப்படி? நேரம் இல்லாததா காரணம்? இல்லை. நிலக்கோட்டையில் நம் வாழ்க்கை எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். விடியும் முன்பே மல்லிகைத் தோட்டத்தில் மொட்டு பறிக்கும்போது சட்டைப் பையில் போன் பேசிக்கொண்டிருக்கிறது. டிரம்ப் போட்ட வரியை யாரோ தமிழில் அலசுகிறார். பூ மார்க்கெட்டில் எடை போடக் காத்திருக்கையில் வாட்சப்பில் இரண்டு வாய்ஸ் மெசேஜ். மில் பஸ்ஸில் போகும்போது நாலு கமெண்ட். ராத்திரி சாப்பிட்டுப் படுத்த பிறகு ஒரு நீண்ட விவாதம். வாழ்க்கைக்கு நடுவேதான் அரசியல் நடக்கிறது, நேரத்துக்குக் குறைவில்லை. குறைவது வேறொன்று.

டிரம்ப்பைத் திட்டினால் நமக்கு ஒரு நட்டமும் இல்லை. அவர் நம்மை வேலையை விட்டு நிறுத்த மாட்டார். பெரியப்பா கோபித்துக்கொண்டு பேச்சை நிறுத்த மாட்டார். குழுவில் உள்ள எல்லாச் சாதி நண்பர்களும் கைதட்டுவார்கள். ஆனால் "நம்ம ஊர்த் திருவிழாவுக்குக் காலனியில் ஏன் வரி வாங்குவதில்லை?" என்று அதே குழுவில் கேட்டுப் பாருங்கள். முதலில் மௌனம். பிறகு ஒருவர் தனியாக அழைப்பார்: "எதுக்குப்பா இதெல்லாம், நல்லாத்தானே போயிட்டிருக்கு." மறுநாள் இரண்டு பேர் குழுவை விட்டு வெளியேறியிருப்பார்கள். அமெரிக்க அநீதியைப் பற்றிய கோபம் விலையில்லாக் கோபம். உள்ளூர் அநீதியைப் பற்றிய கோபத்துக்கு விலை உண்டு. முற்போக்கு என்ற பெயரை விலையில்லாமல் வாங்க முடிகிறபோது, விலை கொடுத்து வாங்க யாருக்குத் தோன்றும்?

2025 அக்டோபரை நினைத்துப் பாருங்கள். அமெரிக்க அரசு அலுவலகங்கள் நிதியில்லாமல் முடங்கிக் கிடந்தன. மன்னராட்சி வேண்டாம் என்று லட்சக்கணக்கானோர் அங்கே வீதிக்கு வந்தார்கள். அந்தப் படங்களை நாமும் பகிர்ந்தோம். அதே அக்டோபரில் நிலக்கோட்டை அருகே, வேறு சாதிப் பெண்ணைக் காதலித்து மணந்த இளைஞர் ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பெண்ணின் தந்தை கைது செய்யப்பட்டார். அதற்கு மூன்று மாதம் முன்புதான், ஜூலையில், பாளையங்கோட்டையில் மென்பொருள் பொறியாளர் கவின் கொல்லப்பட்டிருந்தார். ஆணவக்கொலைக்கு எதிரான சட்டம் குறித்துப் பரிந்துரைக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று முதல்வர் அறிவித்ததும் அதே அக்டோபரில்தான். அந்த ஆணையத்திடம் நம் வட்டாரத்தின் அனுபவத்தை எழுதிக் கொடுக்க வேண்டியது யார்? நியூயார்க்கில் இருப்பவர்களா?

கட்டணமில்லாப் பேருந்தையே எடுத்துக்கொள்வோம். மம்தானி சொன்னதும் அதைப் புரட்சி என்று கொண்டாடினோம். தமிழ்நாட்டில் 2021 மே மாதம் முதல் நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணம் இல்லாமல் போகிறார்கள். அதை நம் ஊர்ப் பேச்சில் எப்படிச் சொல்கிறார்கள்? "ஓசி பஸ்." 2022இல் அமைச்சராக இருந்த பொன்முடியே மேடையில் அந்தச் சொல்லைச் சொல்லிக் கண்டனத்துக்கு ஆளானார். பூப்பறிக்கப் போகிற அக்கா, சித்தாள் வேலைக்குப் போகிற அத்தை, கல்லூரிக்குப் போகிற தங்கை ஆகியோர் ஏறும் பேருந்து 'ஓசி'. நியூயார்க்கில் ஓடப்போகும் பேருந்து 'சோசலிசம்'. நடுவில் இருக்கும் வேறுபாடு கட்டணத்தில் இல்லை, அதில் ஏறுகிறவர் யார் என்பதில் இருக்கிறது. டீக்கடையில் யாராவது அந்தச் சொல்லைச் சொல்லும்போது மறுத்துப் பேசாத ஒருவர் மம்தானியின் படத்தை முகப்பில் வைத்திருந்து என்ன பயன்?

நாம் பார்க்கும் அமெரிக்கச் செய்தியிலும் சாதி இருக்கிறது. அதையும் கூர்ந்து பார்ப்பதில்லை. 2020இல் சிஸ்கோ நிறுவனத்தில் ஒரு தலித் பொறியாளர் சாதிப் பாகுபாட்டுக்கு ஆளானதாகக் கலிபோர்னியா அரசுத் துறை வழக்குத் தொடுத்தது. 2023 பிப்ரவரியில் சியாட்டில் மாநகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அதே ஆண்டு கலிபோர்னியா சட்டமன்றமும் அப்படி ஒரு மசோதாவை நிறைவேற்றியது. இருக்கும் சட்டங்களே போதும் என்று சொல்லி அக்டோபரில் அதை ரத்து செய்தவர் ஆளுநர் கேவின் நியூசம். டிரம்ப்பைக் கிண்டல் செய்து அவர் போடும் பதிவுகளை நம்மில் எத்தனை பேர் சிரித்துக்கொண்டே பகிர்ந்திருக்கிறோம்! டிரம்ப்பை எதிர்ப்பவர் எல்லாம் நம் ஆள் என்று கணக்குப் போட்டால், நம் கணக்கில் சாதி விடுபட்டுப் போகும்.

அமெரிக்காவையும் நம் தெருவையும் ஒரே கையில் பிடிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு நம் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2021 ஜனவரியில், திண்டுக்கல் மாவட்டத்தில் நாச்சி அப்பேரல்ஸ் ஆடை ஆலையில் வேலை செய்த இளம் தலித் பெண் ஒருவர் கொல்லப்பட்டார். அந்த ஆலையின் மேற்பார்வையாளர் கைது செய்யப்பட்டார். இப்படிப்பட்ட மரணம் ஒரு வாரச் செய்தியாக முடிவதுதான் வழக்கம். தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதை அப்படி முடியவிடவில்லை. ஆலையில் தைக்கும் துணி எந்தக் கடைக்குப் போகிறது என்று தேடினார்கள். ஆசிய அளவிலும் அமெரிக்காவிலும் இயங்கும் தொழிலாளர் உரிமை அமைப்புகளைக் கூட்டணி சேர்த்தார்கள். 2022 ஏப்ரலில் ஆலையின் தாய் நிறுவனமான ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. எச் அண்டு எம் நிறுவனமும், அமெரிக்காவின் கேப், பிவிஎச் நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டன. பாலியல் வன்முறையோடு சாதிப் பாகுபாட்டையும் பெயர் சொல்லித் தடுக்கும் அந்த ஒப்பந்தத்தை உலகம் முழுக்க 'திண்டுக்கல் ஒப்பந்தம்' என்று அழைக்கிறார்கள்.

அந்த ஆண்டு ஜூலையில், கட்டாய உழைப்புப் புகாரின் பேரில் அமெரிக்கச் சுங்கத் துறை அந்த ஆலையின் பொருள்களைத் தடுத்து வைக்க உத்தரவிட்டது. செப்டம்பரில், குறைகள் சரிசெய்யப்பட்டன என்று சொல்லி உத்தரவைத் தளர்த்தியது. வாஷிங்டனில் ஒரு அதிகாரி போடும் கையெழுத்தில் நம் பக்கத்து வீட்டு அக்காவின் வேலை இருக்கிறது என்பதை அந்தப் பெண்கள் நம்மைவிட நன்றாக அறிந்தவர்கள். அவர்களுக்கு அமெரிக்கச் செய்தி பொழுதுபோக்கு அல்ல, பேரம் பேசும் கருவி. 2025 ஆகஸ்ட் முதல் இந்தியப் பொருள்கள் பலவற்றுக்கு அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டபோது, அதை டிரம்ப்புக்கும் மோடிக்கும் இடையே நடக்கும் மல்யுத்தம் போல நாம் வர்ணித்துக்கொண்டிருந்தோம். நூற்பாலைகளில் ஷிப்ட் குறைந்ததா, குறைந்தால் யாரை முதலில் நிறுத்தினார்கள், நிறுத்தப்பட்டவர்களுக்குப் பாக்கி கொடுத்தார்களா என்று கேட்பதும் அதே செய்தியின் தொடர்ச்சிதான். அதைக் கேட்க வாஷிங்டன் போக வேண்டாம், மில் பஸ் நிற்கும் இடத்துக்குப் போனால் போதும்.

மம்தானியிடமிருந்து நாம் கற்க வேண்டியதும் ஒன்று உண்டு. அவர் ரீல்ஸ் போட்டு மட்டும் ஜெயிக்கவில்லை. பல்லாயிரம் தொண்டர்கள் மாதக்கணக்கில் வீடு வீடாகக் கதவைத் தட்டினார்கள். நம் ஊரில் கதவைத் தட்டுவது என்றால் என்ன பொருள்? ஊர்த் தெருவில் பிறந்தவர் காலனிக்குப் போய் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, பிரச்சினை என்ன என்று கேட்பது. காலனியில் பிறந்தவர் ஊர்த் தெருவில் செருப்போடு நடந்து போய் ஒரு வீட்டின் முன்கதவைத் தட்டுவது. நியூயார்க்கில் அது தேர்தல் வேலை. இங்கே அதுவே சாதி ஒழிப்பு வேலை.

தோழர்களே, ஜனவரி 26 அன்று கிராமசபை கூடும். தலைவர் இல்லாவிட்டாலும் கூடும். ஊராட்சியின் வாக்காளர் யாரும் அதில் கேள்வி எழுப்பலாம், தீர்மானம் முன்மொழியலாம். ஊராட்சித் தேர்தலை உடனே நடத்தக் கோரும் தீர்மானம் ஒன்று. தெருக்களின் சாதிப் பெயரை நீக்குவது என்ன நிலையில் இருக்கிறது என்ற கேள்வி ஒன்று. காலனிச் சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு, தண்ணீர் ஆகியவற்றுக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற கேள்வி ஒன்று. டிசம்பரில் நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துவிட்டு ஒன்றிய அரசு கொண்டுவந்த புதிய சட்டத்தால் நம் ஊரில் வேலை என்னாகும் என்ற கேள்வி ஒன்று. நான்கு பேர் சேர்ந்து போனால் போதும், நான்கும் பதிவேட்டில் ஏறும்.

அன்று காலையிலும் அமெரிக்காவிலிருந்து ஏதாவது பெரிய செய்தி வரும். படியுங்கள், பகிருங்கள், விவாதியுங்கள். பிறகு போனைப் பையில் போட்டுக்கொண்டு கிராமசபைக்குப் போங்கள். முருகேசன் உட்காரப் போன நாற்காலி ஏன் காலியாக இருக்கிறது என்று அங்கே எழுந்து கேளுங்கள்.