செய்தியின் தொனியும் வாக்காளரின் தீர்ப்பும்

தேர்தல் காலத்தில் வேட்பாளர்களைப் பற்றி வெளியாகும் செய்திகள் சாதகமா, பாதகமா, நடுநிலையா என்று கணினியைக் கொண்டு தரம் பிரிக்கும் முறை அரசியல் கட்சிகளிடையே செல்வாக்குப் பெற்றுள்ளது. இதில் கிடைக்கும் மதிப்பெண்ணை மக்களின் மனநிலையாகவே கருதுவோர், 2012-ம் ஆண்டின் நெய்யாற்றின்கரை இடைத்தேர்தலை நினைவுகூர்வது நல்லது.

2011-ல் அங்கு மார்க்சிஸ்ட் வேட்பாளராக வென்ற ஆர். செல்வராஜ், 2012 மார்ச்சில் பதவி விலகி, காங்கிரஸ் வேட்பாளராக மீண்டும் களமிறங்கினார். கட்சித் தாவல் என்பதே அவருக்கு எதிரான முதன்மைக் குற்றச்சாட்டு. ஆனால், மார்க்சிஸ்ட் கட்சியிலிருந்து பிரிந்து தனிக்கட்சி கண்ட டி.பி. சந்திரசேகரன், மாநிலத்தின் வடபகுதியில் மே 4-ல் படுகொலை செய்யப்பட்டதும் பிரசாரத்தின் போக்கே மாறியது. வாக்குப்பதிவு நாளான ஜூன் 2-ல், வி.எஸ். அச்சுதானந்தன் சந்திரசேகரனின் வீட்டுக்கு நேரில் சென்று ஆறுதல் கூறியதும் பெரும் செய்தியாயிற்று. செல்வராஜ் 52,528 வாக்குகளும், மார்க்சிஸ்ட் வேட்பாளர் எப். லாரன்ஸ் 46,194 வாக்குகளும், பாஜகவின் ஓ. ராஜகோபால் 30,507 வாக்குகளும் பெற்றனர்.

இந்த முடிவுக்கு அந்தக் கொலை மட்டுமே காரணம் எனக் கூற இயலாது. எனினும், லாரன்ஸின் பெயரே இடம்பெறாத செய்திகள்தான் அவரது கட்சிக்குப் பெரும் நெருக்கடியை உண்டாக்கின. வேட்பாளரின் பெயரைத் தேடிச் செய்திகளைச் சேகரிக்கும் கணினி, அவற்றைக் கணக்கிலேயே சேர்த்திருக்காது.

மொழியும் ஒரு சிக்கலே. பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் மலையாளத்துடன் தமிழும் புழங்குகிறது. ஒரு வேட்பாளரை 'மகானுபாவர்' என்று நாளேடு குறிப்பிட்டால் அது புகழ்ச்சியா, எள்ளலா என்பதை அங்குள்ள வாசகர் நொடியில் உணர்வார். கணினி புகழ்ச்சி என்றே பதிவு செய்யக்கூடும்.

இவை அனைத்தினும் கவலைக்குரியது, விலை கொடுத்துப் பெறும் செய்தி. அத்தகைய செய்திக்கான செலவைக் கணக்கில் காட்டாததற்காக உத்தரப் பிரதேச எம்.எல்.ஏ. உம்லேஷ் யாதவை 2011 அக்டோபரில் தேர்தல் ஆணையம் மூன்றாண்டுகளுக்குத் தகுதிநீக்கம் செய்தது. கணினியின் கணக்கிலோ அதுபோன்ற செய்தியும் 'சாதகம்' என்றே பதிவாகும்.

2024 மக்களவைத் தேர்தலில் திருவனந்தபுரம் தொகுதியில் சசி தரூர் 16,077 வாக்குகள் வித்தியாசத்தில்தான் வென்றார். அவருக்கு முன்னிலை அளித்த பேரவைத் தொகுதிகளில் பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் அடங்கும். இத்தகைய கடும் போட்டியில், காசுக்கு எழுதப்பட்ட சில பத்திகள்கூட முடிவைப் புரட்டிப்போட முடியும்.

எனவே, ஒரே வாசகத்துடன் பல ஏடுகளில் வெளியாகும் புகழுரைகளைக் கண்டுபிடிக்க மாவட்ட ஊடகக் கண்காணிப்புக் குழுக்களுக்குக் கணினி உதவட்டும். தீர்மானிப்பது அந்த மண்ணின் மொழியறிந்த மனிதராக இருக்கட்டும். விலைச் செய்தியைத் தேர்தல் குற்றமாக்குமாறு சட்ட ஆணையம் 2015-லேயே பரிந்துரைத்தது. அதற்கேற்ப மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தும் கடமை நாடாளுமன்றத்துக்கு உண்டு.