ஆயிரம் அடிக்குக் கீழே கடல் இல்லை

"இன்னும் நூறடி இறக்குங்க, கண்டிப்பா தண்ணி வரும்." கோவை, திருப்பூர், நாமக்கல், தருமபுரிப் பக்கம் இந்தப் பேச்சை நம்பி நகையை அடகு வைத்த விவசாயக் குடும்பங்களுக்குக் கணக்கில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டி வருகிறது, இரவெல்லாம் துளைக்கிறது, புகைதான் வருகிறது. மறுநாள் பழி நீரோட்டம் பார்த்தவர் மேல் விழும், அல்லது ஜாதகத்தின் மேல். பூமிக்கடியில் வற்றாத தண்ணீர் காத்திருக்கிறது என்ற நம்பிக்கையை மட்டும் யாரும் குற்றம் சொல்வதில்லை.

தமிழ்நாட்டு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு கடினப் பாறை. மேலே சிதைந்த பாறையில் ஓரளவு நீர் தங்கும். அதற்குக் கீழே பிளவுகள் மட்டுமே, ஆழம் போகப் போக அவையும் பொதுவாகக் குறையும். அந்தப் பிளவுகளுக்கு வரும் நீரும் மேலிருந்து இறங்குவதுதான். ஆகவே ஒருவர் ஆயிரம் அடியில் போட்ட போர் பல நேரம் புதுத் தண்ணீரைக் கண்டுபிடிப்பதில்லை. பக்கத்துக் காட்டுக்காரரின் கிணற்றை இறைக்கிறது.

இந்த நம்பிக்கைக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு: ஒரு நல்ல மழை பெய்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. இது இன்னும் ஆபத்தானது, ஏனென்றால் கிணறே இதற்குச் சாட்சி சொல்கிறது. ஆண்டுக்கு 900 மில்லிமீட்டர் மழை என்று வைப்போம். கடினப் பாறைப் பகுதியில் அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 மில்லிமீட்டர், நிலத்துக்குள் இறங்கினாலே நல்ல கணக்கு. அந்தப் பாறையில் நீர் நிற்கும் இடமோ நூற்றுக்கு இரண்டு பங்குதான். எனவே வெறும் ஒன்பது சென்டிமீட்டர் நீர், கிணற்றில் நாலரை மீட்டர் ஏற்றமாகத் தெரிகிறது. பதினைந்தடி ஏறிவிட்டதே என்று நெல் நடுகிறோம். நெல்லுக்கு ஒரு போகத்துக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் நீர் வேண்டும். பாய்ச்சியதில் பாதி திரும்ப நிலத்துக்கே போனாலும், ஓர் ஏக்கர் நெல் ஆறேழு ஏக்கரின் ஆண்டு வரவைத் தின்றுவிடுகிறது. சட்டென ஏறிய கிணறு சட்டென இறங்குவதில் மர்மம் ஒன்றுமில்லை. 2015-இல் வெள்ளத்தில் மிதந்த சென்னைக்கு, 2019-இல் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததையும் மறந்துவிடக் கூடாது.

அரசிடம் கணக்கு இல்லாமல் இல்லை. மத்திய நிலத்தடி நீர் வாரியமும் மாநிலமும் சேர்ந்து வரவையும் எடுப்பையும் மதிப்பிடுகின்றன. எடுப்பு 70 விழுக்காட்டுக்குள் இருந்தால் பாதுகாப்பு; 100-ஐத் தாண்டினால் அதிநுகர்வு. மாநிலச் சராசரி முக்கால் பங்கை ஒட்டி நிற்கிறது. உடனே, இன்னும் கால் பங்கு மிச்சம் என்று ஓர் ஆறுதல் பிறக்கிறது. ஆனால் மதிப்பிடப்பட்ட பகுதிகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று நூறைத் தாண்டியவை. தஞ்சைக் கழனியின் மிச்சம் நாமக்கல் கிணற்றில் ஊறுமா? சராசரியில் யாரும் நீர் இறைக்க முடியாது. நூறு என்ற அந்தக் கோடும் தாராளமாகவே போடப்பட்டது. மொத்த வரவில் இயற்கையின் கசிவுக்கென்று கழிப்பது 5 அல்லது 10 விழுக்காடு மட்டுமே. கோடையில் ஆற்றை ஓடவைப்பது நிலத்தடியிலிருந்து கசியும் நீர். அதற்கு நாம் ஒதுக்கிய பங்கு அவ்வளவுதான்.

இந்த மூடநம்பிக்கைக்கு விவசாயியை மட்டும் குறை சொன்னால் அநியாயம். கால்வாய் வராத ஊரில் அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. எண்பதுகளிலிருந்து இலவச மின்சாரம் தந்தோம், எவ்வளவு இறைக்கலாம் என்று எந்தக் கட்சியும் சொல்லவில்லை. நிலத்தடி நீரை முறைப்படுத்த 2003-இல் சட்டம் இயற்றிய மாநிலம், 2013-இல் அதையே நீக்கியது. ஆழப் போட்டியில் வெல்பவர் பணம் உள்ளவர். முதலில் தோற்பவர் அறுபதடிக் கிணற்றுக்காரர். அவர் நிலத்தடியில் எதையும் மிகையாக எடுத்தவரே இல்லை.

மராட்டியத்தின் ஹிவரே பஜார் மழை குறைந்த ஊர். அங்கே ஆண்டுதோறும் பெய்த மழையைக் கணக்கிட்டு, குடிநீருக்கும் கால்நடைக்கும் ஒதுக்கிய பிறகே பயிரை முடிவு செய்கிறார்கள். பாசனத்துக்குப் போர் போடுவதில்லை, கரும்பு நடுவதில்லை. ஊரே கூடி எடுத்த முடிவு என்பதால் அது நிற்கிறது.

நம் ஊர்களிலும் உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22 அன்று கிராம சபை கூடுகிறது. அடுத்த கூட்டத்தில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: நம் பகுதியின் நிலத்தடி நீர் வரவு எவ்வளவு, எடுப்பு எவ்வளவு? பதில் தீர்மானப் புத்தகத்தில் ஏறும்வரை அடுத்த போருக்கு நகையை அடகு வைக்காதீர்கள்.