'கள்' எங்கே வேண்டும்?

கதிர்காமம் கடைத்தெருவில் விற்பது 'சிப்ஸ்'. நம் எழுத்தில் அதுவே சில வேளை 'சிப்ஸ்கள்' ஆகிவிடுகிறது. ஆங்கிலப் பன்மையின் மேல் தமிழ்ப் பன்மை! நகைக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்தின் 'சில்ட்ரன்' என்ற சொல்லே பழைய பன்மை விகுதியொன்றின் மேல் மற்றொன்று ஏறிப் பிறந்ததுதான்.

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்கு இன்னொரு பாடமும் அருகிலேயே உண்டு. பிரெஞ்சில் நூல் ஒன்றாயினும் பலவாயினும் ஒலிப்பு 'லிவ்ர்' தான். ஈற்றில் எழுதும் 'எஸ்' ஒலிப்பதில்லை. முன்னே வரும் 'ல', 'லே' என்பவையே எண் காட்டுகின்றன. ஹங்கேரிய மொழியிலோ எண்ணுப்பெயரை அடுத்துப் பெயர்ச்சொல் ஒருமையிலேயே நிற்கும். 'மூன்று புத்தகம்' என்பதே அங்கு இலக்கணம்.

நம் மரபும் இதற்கு அயலன்று. அஃறிணையில் 'கள்' கட்டாயமில்லை என்பதே தொல்காப்பிய நெறி. மாடு வந்தது, மாடு வந்தன: வினைமுற்றே எண்ணை உணர்த்திவிடுகிறது. 'பத்து மரம்' என்று பேசும் நாம், எழுத அமர்ந்ததும் 'பத்து மரங்கள்' என்கிறோம். ஆங்கிலத்திலிருந்து பெயர்த்தெழுதும் பழக்கம் இதனை வலுப்படுத்தியதாகவே கருதுகிறோம்.

'கள்' விகுதியை விலக்கச் சொல்லவில்லை. உயர்திணையில் 'பூரியர்கள்' என்று குறளே அதனை ஆண்டிருக்கிறது. ஒன்றா பலவா என்ற ஐயம் எழுமிடத்தில் அது தேவை. ஆனால் எண்ணே முன்னிற்கும்போது 'பத்து மரம்' என்பதைப் பிழையெனத் திருத்தாதிருப்போம். திருத்தத் திருத்த, பேச்சுக்கும் எழுத்துக்கும் இடையே நாமே ஒரு சுவரை எழுப்புகிறோம்.