எக்ஸ்ரேயில் தெரியாத கழுத்து

தமிழ்நாட்டுப் படங்களில் நாட்டாமை என்றால் தீர்ப்புச் சொல்கிறவர். எங்கட ஊரில நாட்டாமை என்றால் மூட்டை தூக்கிறவர். 50 கிலோ சீமெந்துப் பையையும் அரிசி மூட்டையையும் லொறியிலிருந்து கடைக்குத் தலையிலும் தோளிலும் சுமக்கிற ஆள். உப்புவெளிக் கரையில் கரைவலை இழுக்கிறவர்களையும் இதே கணக்கில் சேர்க்கிறோம். இவர்களில் ஒருவருக்குக் கழுத்துப் பிடித்து, பிறகு கை தானாகத் துள்ளத் தொடங்கினால் ஊர் என்ன சொல்லும் என்று எல்லாருக்கும் தெரியும். "குடியால வந்த நடுக்கம்" என்பார்கள். "ஒருக்கா பார்வை பார்க்க வேணும்" என்பார்கள். எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை என்று வந்தால் கதை முடிஞ்சுது: "வேலைக்கள்ளன், நடிக்கிறான்."

இந்த மூன்றாவது பேச்சுத்தான் எங்களுக்குக் கோபத்தைத் தருகிறது. எக்ஸ்ரே எலும்பைக் காட்டும். கழுத்தின் 7 முள்ளெலும்புகளுக்கு இடையில் மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க்கை அது காட்டாது. அதற்கு எம்.ஆர்.ஐ. வேணும். டிஸ்க்கின் வெளிவளையம் கிழிந்து உள்ளிருப்பது பிதுங்கினால், பக்கத்தில் வெளியே வரும் நரம்பை அது அழுத்தும். அந்த நரம்பு போகிற வழியெல்லாம், தோளிலிருந்து விரல் வரைக்கும், வலி இறங்கும், விறைக்கும். அது இயக்கும் தசை தோலுக்குக் கீழே புழு நெளிகிற மாதிரித் துடிக்கும். கழுத்துத் தசைகளோ காவலுக்கு நிற்கிற மாதிரி இறுகிப்போகும். இதில் எதற்கும் அந்த மனிசனின் அனுமதி தேவையில்லை. நடிக்கிறதுக்கு எங்க நேரம்?

பெரும்பாலானவர்களுக்கு இது சில வாரங்களில், அல்லது சில மாதங்களில், ஒப்பரேஷன் இல்லாமலே குறைகிறது. (கை துடிக்கிறதெல்லாம் டிஸ்க்தான் என்றும் பயப்பட வேண்டாம். நித்திரை இல்லாவிட்டாலும், கோப்பி கூடினாலும் தசை துடிக்கும்.) ஆனால் பிதுங்கினது முண்ணாணையே அழுத்தினால் விசயம் வேறு. சட்டைப் பொத்தான் போடக் கை தடுமாறும். நடக்கையில் செருப்புக் கழன்று போகும். கால் விறைத்துத் தானாக உதறும். குனிந்தால் முதுகு வழியே கரண்ட் அடித்த மாதிரி இருக்கும். சலம் அடக்க முடியாமல் போகலாம். அப்போது எண்ணெய் பூசிக்கொண்டு பார்த்திருக்கக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சலூனில் கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறதை அந்த நிலையில் நினைக்கவே கூடாது.

வலி வந்த பிறகு வைத்தியம் பேசுகிறோம். மூட்டையின் நிறையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரு ஆண் தொழிலாளி கையால் தூக்கக்கூடிய உச்ச நிறை 55 கிலோ என்று சர்வதேச தொழில் தாபனத்தின் 1967ஆம் ஆண்டுப் பரிந்துரை சொல்கிறது. ஆகவே எங்கட 50 கிலோ பை பரீட்சையில் பாஸ்! பிரித்தானியாவில் சீமெந்து 25 கிலோ பையில் விற்கிறார்கள். இங்கேயும் அப்படி வர வேண்டும் என்பது எங்கள் நிலைப்பாடு. "கூலி பைக்கணக்கில எண்டால் அவங்கள் ரெண்டு பையை ஒண்டாத் தூக்குவாங்களே" என்று கேட்பீர்கள். உண்மைதான், தூக்குவார்கள். அதனால் பையோடு கூலிக்கணக்கும் மாற வேண்டும். பையை மட்டும் சின்னதாக்கினால் அது வெறும் படம் காட்டல்.

நட்டஈடு பற்றியும் கேட்கலாம். வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் 1934இலிருந்து இருக்கிறது. வேலையில் விபத்து நடந்தால் முதலாளி கொடுக்க வேண்டும். ஆனால் காலையில் ஒரு கடைக்கும் பின்னேரம் இன்னொரு கடைக்கும் மூட்டை இறக்குகிறவருக்கு முதலாளி யார்? பங்குக்கு வலை இழுக்கிறவருக்கு யார்? இருபது வருசம் கொஞ்சங் கொஞ்சமாகத் தேய்ந்த டிஸ்க்குக்கு, விபத்து நடந்த திகதி என்று படிவத்தில் எந்த நாளை எழுதுவது?