மூன்று மில்லிமீட்டர்

கணிப்பொறிக்குக் குளிர்விப்பான் வாங்கச் செல்லும் மாணவன் காற்றின் வேகத்தைக் கேட்கிறான்; ஓசையைக் கேட்கிறான்; விலையைக் கேட்காமலா இருப்பான்? திருகுத் துளைகளின் இடைவெளியை மட்டும் கேட்பதில்லை. பெட்டியின்மேலும் பெரும்பாலும் சாக்கெட்டுகளின் பெயர்ப்பட்டியல் இருக்கும், அளவு இராது. தொல்லையின் பிறப்பிடம் அதுவே.

செயலியின்மேல் அமரும் ஹீட்சிங்க் என்பது யாது? செம்பும் அலுமினியமும் கொண்ட துடுப்புக் கட்டு. விசிறி தேயும், அது தேயாது. செயலி மூன்று மாறினாலும் அது ஒன்றே உழைக்கவல்லது. அத்தகைய பொருளைத் துளை பொருந்தவில்லை என்ற ஒரே காரணத்தால் குப்பையில் எறிகிறோமே, இது முறையா நண்பர்களே?

இன்டெல் நிறுவனம் 2009 முதல் 1156, 1155, 1150, 1151, 1200 எனச் சாக்கெட்டுகளை மாற்றிக்கொண்டே வந்தது. ஆயினும் நான்கு துளைகளும் 75 மில்லிமீட்டர் சதுரத்திலேயே நின்றன. 2021இல் வந்த 1700 சாக்கெட்டில் அது 78 ஆயிற்று. மூன்றே மில்லிமீட்டர்! சில தாய்ப்பலகைகளில் இருவகைத் துளைகளும் இட்டார்கள். அதனாலும் முழுப்பயன் இல்லை. புதிய செயலியின் உயரமும் சற்றுக் குறைவு. பழைய பிடிப்பானை மாட்டினால் போதிய அழுத்தம் கிட்டாது. அழுத்தம் குறைந்தால் இடையில் காற்று புகும். செம்பு காற்றைவிட ஏறத்தாழ 15,000 மடங்கு வெப்பத்தைக் கடத்தும் என்பதைப் பௌதிகம் பயில்வோருக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

ஏஎம்டி நிறுவனம் 2022இல் ஏஎம்5 சாக்கெட்டைக் கொணர்ந்தபோது பழைய துளை அளவையே காத்தது. பாராட்டலாம். ஆனால் பின்தகடு சாக்கெட்டோடு பிணைந்துவிட்டது. தன் சொந்தப் பின்தகட்டை நம்பியிருந்த குளிர்விப்பான்கள் வெளியே நின்றன.

“செயலியின் வடிவமே மாறும்போது துளை மாறலாகாதா?” என்று கேட்பீர்கள். மாறட்டும். சதுரமாயிருந்தது நீள்சதுரமாயிற்று, அதற்கு இடம் வேண்டும். நான் குறைகூறுவது மாற்றத்தை அன்று. மாற்றியபின் ஒரு சிறு பிடிப்பானைத் தனியே விற்க மறுக்கும் மனப்பான்மையை. ஆஸ்திரியாவின் நோக்டுவா நிறுவனம், வாங்கியதற்குச் சான்று காட்டினால் புதிய பிடிப்பானை இலவசமாகவே அனுப்புகிறது. ஒருவரால் இயலுவது மற்றவர்க்கு ஏன் இயலாது? அதிலும் நமக்கொரு சிக்கல் உண்டு. முன்னவரிடம் அரைவிலைக்கு வாங்கிய நம்மிடம் ரசீது ஏது?

விசிறியின் கதை வேறு. 120 மில்லிமீட்டர் விசிறியை எவர் செய்தாலும் துளை இடைவெளி 105தான். ஒற்றுமை இயலும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா? ஆனால் அவ்விசிறியைத் துடுப்போடு இறுக்கும் கம்பிக் கொக்கியோ ஆளுக்கொரு வளைவு! 25 மில்லிமீட்டர் தடிப்புக்கு வளைத்த கொக்கி, 15 மில்லிமீட்டர் விசிறியைப் பற்றாது. இரண்டாம் விசிறி வைத்தால் நினைவகப் பலகையில் இடிக்கும். முடிவில் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவைத்து, அதையே பொறியியல் என்கிறோம்.

இது பொழுதுபோக்குத் தொல்லை என எண்ணற்க. நம் ஊரிலாவது மாலையில் கடற்காற்று வரும்; டில்லியின் மே மாதத்தில் இரவிலும் அனல் அடங்குவதில்லை. சூடேறிய செயலி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். விடியலுக்குள் முடியவேண்டிய ஆராய்ச்சிக் கணக்கு நண்பகலைத் தாண்டும்.

நிறுவனங்கள் துளை அளவைப் பெட்டியில் அச்சிடட்டும். பிடிப்பானைத் தனியே விற்கட்டும். அதுவரை நம் சங்கத்து அறையில் ஒரு தகரப் பெட்டி வைப்போம். படிப்பு முடிந்து அறையைக் காலி செய்வோர் பிடிப்பான், கொக்கி, பின்தகடு, திருகு எதுவாயினும் அதில் இட்டுச் செல்லலாம். அளந்து 75, 78 எனச் சீட்டு ஒட்டும் வேலையை நான் ஏற்கிறேன்.