தலயாத்திரையும் ஊர்சுற்றலும்

விடுமுறை நாட்கள் அணுகுந்தோறும் பாரத நாட்டைச் சுற்றிப் பார்த்து வருதற்குத் திட்டம் வகுப்பார் நம்மவருட் பலராகின்றனர். மொழியாலும் உடையாலும் உணவாலும் வழிபாட்டு முறையாலும் வேறுபட்ட பல நாடுகள் ஒருங்கு கூடினாற்போன்ற இப்பெருநாட்டைக் கண்டு மகிழ விழைதல் குற்றமன்று, நன்றேயாம். யாம் ஈண்டு மறுக்கப் புகுந்தது அவ்விழைவினையன்று. அதனை நிறைவேற்றுதற்கு இக்காலத்தார் கைக்கொள்ளும் முறையினையேயாம். கும்பகோணத்தைச் சூழ்ந்த நவக்கிரகத் தலங்கள் ஒன்பதினையும் ஒரே பகலிற் காட்டித் தருவதாக விளம்பரஞ் செய்வாரும், பத்து நாளிற் காசி முதலாகப் பத்துத் தலங்களை அடைந்து மீள்வேம் எனக் கணக்கிடுவாரும் மலிந்துவிட்டனர். மீண்டு வந்தாரை வினவின், 'இத்தனை கோயில்களில் வழிபட்டேம்' என்னார்; 'இத்தனை கோயில்களை முடித்தேம்' என்பர். முடித்தற்கு அவை என்ன, சுமையோ? கடனோ?

இம்முறையின் குறைபாடு விராலிமலைக்கண் நின்று நோக்குவார்க்கு நன்கு விளங்கும். திருச்சிராப்பள்ளியினின்றும் மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில் இம்மலை உளது. வயலூரில் அருணகிரிநாதருக்கு அருள்செய்த முருகப்பெருமான் அவரை இம்மலைக்கு வருமாறு பணித்தருளினான் என்பது வழிவழி வழங்கும் வரலாறு. தெற்கே ஈழத்துக் கதிர்காமத்தையும் வடக்கே காசியையும் பாடிய அப்பெருந்தகையார் இச்சிறு குன்றினையும் மறவாது பாடினார். இன்றோ அச்சாலையில் விரைவோர் பலர் ஊர்தியிலிருந்தவாறே குன்றினை ஒருமுறை நோக்குவதோடு அமைகின்றனர்.

நின்று மலையேறுவாருள்ளும் ஒரு சாரார் ஆறுமுகப் பெருமானைக் காண வாராது, அவனுக்குச் சுருட்டு நிவேதிக்கும் வழக்கத்தையே காண வருகின்றனர். மழை இரவில் வழியறியாது தவித்த கருப்பமுத்து என்னும் அன்பர், தமக்கு வழிகாட்டி உதவிய ஒருவருக்குச் சுருட்டு ஈந்தனர் என்றும், பின்னர்ச் சந்நிதியில் அச்சுருட்டைக் கண்டு வந்தவன் முருகனே எனத் தெளிந்தனர் என்றும், அன்று தொட்டு இவ்வழக்கம் நிலைத்தது என்றும் இவ்வூரார் கூறுவர். இதனைக் கண்டு நகைத்துக் கைபேசியிற் படமெடுத்துச் செல்வார் ஒரு சாரார். 'இஃது ஆகமத்திற்கு ஒவ்வாது' எனச் சினந்து செல்வார் மற்றொரு சாரார். அவ்விருவரும் கால் நாழிகையிற் கீழிறங்கி விடுகின்றனர். அவ்வழக்கத்தைப் பேணும் மக்கள் யாவர், எத்தகைய நன்றியுணர்வு அதனுள் அடங்கியுளது என வினவ இருவர்க்கும் பொழுதில்லை.

சைவநன்மக்காள், இவ்விடத்துத் திருக்காளத்தியை நினைமின்கள். கண்ணப்பர் படைத்த ஊன் சந்நிதியிற் கிடப்பக்கண்ட சிவகோசரியார் வருந்திப் புலம்பினார். பெருமான் அவரை வெகுண்டிலன்; ஆகமநெறி பிழையென்றும் கூறிற்றிலன். அவர் கனவில் தோன்றிக் கண்ணப்பரது அன்பினை உணர்த்தி, மறுநாள் மறைந்து நின்று காணுமாறு பணித்தருளினான் எனப் பெரியபுராணம் கூறும். அவரும் அங்ஙனமே நின்று கண்டார், தெளிந்தார். தம் முறைக்கு வேறான வழிபாட்டைக் காண்பார்க்கு இறைவன் வகுத்த விதி இதுவேயாம். அடக்கத்தோடு நின்று காண்க. அதன் பின்னரே பேசுக. நிற்பதற்குப் பொழுது வேண்டும். அப்பொழுதினை அளியாத பயணத்திட்டம் எத்துணைத் தலங்களை அடக்கியதாயினும் பயனின்று.

பாரத நாட்டின் பிற பகுதிகட்குச் செல்வார்க்கு இவ்விதி பெரிதும் வேண்டப்படும். நம் கோயில்களிற் சிவாசாரியரன்றிப் பிறர் இறைவன் திருமேனியைத் தீண்டுதல் இல்லை. வடநாட்டுச் சிவாலயங்கள் பலவற்றிலோ அன்பர்கள் தம் கையாலேயே சிவலிங்கத்திற்கு நீராட்டுவர். கேதாரத்திற் சமயத் தலைமை பூண்ட இராவல் கன்னடநாட்டு வீரசைவ மரபினர். இவற்றையெல்லாம் முன்னரே கற்றுணர்ந்து செல்வான் யாத்திரிகன். கல்லாது சென்று இகழ்ந்து மீள்வான் ஊர்சுற்றி. 17-ஆம் நூற்றாண்டிற் காசிக்குச் சென்ற குமரகுருபர அடிகள், அந்நாட்டு மொழியிலேயே உரையாடற்பொருட்டுக் கலைமகளை வேண்டிச் சகலகலாவல்லி மாலை பாடினார் என்பது வரலாறு. வேற்றூர் செல்வார்க்கு முதற்கண் வேண்டுவது அவ்வூரார் மொழியில் நாலு சொல்லாவது அறியும் முயற்சி என்பது இதனாற் பெறப்படும்.

அற்றேல், 'யாம் அலுவலிற் கட்டுண்டவர். ஆண்டிற் பத்து நாளே எமக்கு ஓய்வு. அதற்குள் இயன்ற மட்டிற் பல தலங்களைக் கண்டுவிடல் தக்கதன்றோ?' என்பார்க்கு விடை யாதெனின், கூறுதும். திருஞானசம்பந்தரும் சுந்தரரும் கேதாரம், திருப்பருப்பதம் முதலிய வடநாட்டுத் தலங்களைக் காளத்தியில் இருந்தவாறே நினைந்து பாடினர். அப்பரோ உடல் தேய்ந்து ஒழியுமளவும் கயிலை நோக்கிச் சென்றார். அவர்க்கு அக்காட்சி திருவையாற்றிற் கிடைத்தது. தலங்களின் எண்ணிக்கையால் அருள் அளக்கப்படுவதன்று என்பதற்கு இவற்றினும் மேற்பட்ட சான்று வேண்டுவதில்லை. பத்து நாளே உளதாயின் ஒரு நாட்டிற்கே செல்க. இரண்டு மூன்று ஊர்களிலே தங்குக. ஒரு கோயிலிற் காலைப் பூசையும் இரவுப் பூசையும் இருந்து காண்க.

விரைவினால் வரும் கேடு உள்ளத்தளவில் நிற்பதுமன்று. 2013-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற் கேதாரப் பள்ளத்தாக்கிற் பெருகிய வெள்ளத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். இமயமலையின் இயல்பும் பருவமும் நம் விடுமுறைக் கணக்கிற்கு இணங்குவன அல்ல. அக்கோயில் பனிக்காலத்தே ஏறத்தாழ ஆறு திங்கள் அடைக்கப்படுவதும், அக்காலத்து வழிபாடு உகிமடத்தில் நடைபெறுவதும் தெரியாமலே பயணம் வகுப்பாரும் உளர். முதியோரையும் நோயுற்றோரையும் ஓய்வின்றி இழுத்துச் செல்லும் திட்டத்திற்கு யாத்திரை என்னும் பெயர் தகாது.

இறுதியாக ஒன்று கூறி அமைவேம். விராலிமலைக்கு அணித்தே அதே நெடுஞ்சாலையை அடுத்துள்ளது கொடும்பாளூர். தம் நெற்பண்டாரத்திற் களவு செய்தவர் அடியாரை அமுது செய்விக்கவே அது செய்தார் என்றறிந்து, பண்டாரத்தையே அடியார்க்குத் திறந்துவிட்ட இடங்கழி நாயனார் பிறந்த ஊர் அது. ஆண்டுள்ள மூவர் கோயிலில் இரண்டு விமானங்கள் நிற்கின்றன; மூன்றாவதன் அடித்தளமே எஞ்சியுளது. இமயம் வரை செல்லத் துணிந்தார் முதற்கண் ஒரு நாளை இவ்விரண்டு ஊர்கட்கும் அளிப்பாராக. களவின்கண்ணும் அன்பு கண்ட அந்நாயனாரது நோக்கினை ஈண்டுப் பெற்றுச் செல்வார்க்கு இப்பெருநாட்டில் இகழத்தக்கது சிறிதாகவும் தொழத்தக்கது பெரிதாகவும் தோன்றும். அந்நோக்கின்றிச் செல்வார் எத்துணைத் தொலைவு செல்லினும் தம் வீட்டுத் திண்ணையைக் கடந்திலர் என்றே கொள்க. திருவருள் முன்னிற்பதாக.