நோன்பைத் தொலைத்த விருந்து

1223ஆம் ஆண்டு டிசம்பரில் இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக் கிராமத்தில் அமைந்த குடிலில் குழந்தை இயேசு இல்லை. மரியாள் இல்லை, சூசையப்பர் இல்லை. ஒரு தீவனத் தொட்டி, அது நிறைய வைக்கோல், பக்கத்தில் உயிருள்ள ஒரு மாடும் ஒரு கழுதையும் மட்டுமே இருந்தன. பண்டிகைக்கு ஏறக்குறைய பதினைந்து நாள் இருக்கும்போது அசிசியின் பிரான்சிஸ், ஜொவான்னி என்ற உள்ளூர்ப் பிரபுவிடம் இவற்றைத்தான் ஏற்பாடு செய்யச் சொல்லியிருந்தார். பெத்லகேமில் பிறந்த பிள்ளை என்னென்ன இல்லாமல் கிடந்தது என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய ஆசை. அன்றிரவு தீப்பந்தமும் மெழுகுவர்த்தியும் ஏந்தி அக்கம்பக்கத்து ஜனங்கள் மலையேறி வந்தார்கள். அந்தத் தொட்டியின் மேலேயே திருப்பலி நடந்தது. பிரான்சிஸ் குருவானவர் அல்ல, திருத்தொண்டர். நற்செய்தியைப் பாடிவிட்டுப் பிரசங்கம் செய்தார்.

அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ ஊர் தோமா இதையெல்லாம் பதிவு செய்திருக்கிறார். அந்த வைக்கோலை மக்கள் பத்திரப்படுத்தி, பிற்பாடு நோயுற்ற கால்நடைகளுக்குக் கொடுத்தார்கள் என்பதும் அவர் தரும் செய்தி. ஆராதனையில் பயன்பட்ட பொருள் மறுபடியும் மாட்டின் வாய்க்கே போய்ச் சேர்ந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த விவரம்.

நம் ஊர்க் குடில்கள் அந்தக் குடிலின் பேரப்பிள்ளைகள். தென்மாவட்டங்களில் டிசம்பர் பிறந்ததுமே வேலை ஆரம்பித்துவிடும். பழைய தட்டில் மண் பரப்பி, கேழ்வரகையோ நெல்லையோ தூவி, தண்ணீர் தெளித்துத் தெளித்து வளர்த்து, இருபதாம் தேதிவாக்கில் விரல் உயரத்துக்குப் பச்சை எழுந்ததும் அதுதான் பெத்லகேம் வயல். பழுப்புத் தாளைக் கசக்கி விரித்துச் சாயம் தெளித்தால் மலை. சின்னப் பிள்ளைகள் ஆட்டுக்குட்டிகளை ஆளுக்கொரு பக்கமாக நகர்த்தி வைத்துச் சண்டை போடுவார்கள். பாலனின் சுரூபத்தை மட்டும் யாரும் தொடக்கூடாது. அது அலமாரியில் இருக்கும். 24ஆம் தேதி நள்ளிரவில் கோயில் மணி அடித்த பிறகுதான் அது தொட்டிக்கு வரும். அதுவரை சூசையும் மரியாளும் இடையர்களும் வெற்றுத் தொட்டியைச் சுற்றி நிற்பார்கள்.

அந்த வெற்றுத் தொட்டிதான் நாம் கைவிட்டுக்கொண்டிருக்கும் பொருள் என்பது என் எண்ணம். பங்குகளில் இப்போது குடில் போட்டி நடக்கிறது. மோட்டார் வைத்த நீர்வீழ்ச்சி, ஓடும் பொம்மை ரயில், மாறி மாறி எரியும் எல்இடி சரங்கள் என்று பங்கின் சிறு குழுவான ஒவ்வோர் அன்பியமும் அடுத்ததை மிஞ்சப் பார்க்கிறது. கரோல் ரவுண்ட்ஸுக்கு மினி லாரி, ஜெனரேட்டர், ஆளுயர ஒலிபெருக்கி. இளைஞர்களின் உழைப்பைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த இரவுகளில்தான் பல பிள்ளைகள் கோயிலோடு ஒட்டிக்கொள்கிறார்கள். ஆனால் இவ்வளவு வெளிச்சம் போட்ட பிறகு, பிறந்தவன் எதுவும் இல்லாமல் பிறந்தான் என்பது யார் கண்ணுக்குத் தெரியும்?

செலவைக் குறையுங்கள், கேக்கை விடுங்கள், ஒரு மெழுகுவர்த்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்பார்கள் சிலர். அதில் எனக்கு உடன்பாடில்லை. பிரான்சிஸே அப்படிச் சொன்னவர் இல்லை. ஒருமுறை கிறிஸ்துமஸ் வெள்ளிக்கிழமையில் வந்தது. அன்றைக்கு இறைச்சி சாப்பிடலாமா என்று சகோதரர்கள் விவாதித்தார்கள். இந்த நாளில் சுவர்கூட இறைச்சி தின்ன வேண்டும், தின்ன முடியாவிட்டால் அதன் மேல் பூசியாவது விட வேண்டும் என்ற பொருளில் பதில் சொன்னார் அவர். பணக்காரர் ஏழைகளுக்கு வயிறார உணவிட வேண்டும், மாட்டுக்கும் கழுதைக்கும் வழக்கத்தைவிட அதிகமாகத் தீனி வைக்க வேண்டும், பறவைகளுக்காகத் தெருவெல்லாம் தானியம் இறைக்கும்படி பேரரசரிடமே கேட்க வேண்டும் என்றும் விரும்பினார். காசைக் கையால் தொடாத மனிதர் கேட்ட தாராளம் இது. தனக்கு ஒன்றும் வேண்டாம், தெருவுக்கு எல்லாம் வேண்டும் என்ற அந்த மனத்தைத்தான் நான் எளிமை என்பேன்.

ஏழைக்கு எளிமையைப் பற்றிப் பாடம் நடத்துவதைப் போல அநியாயம் வேறில்லை. கிறிஸ்துமஸ் சீட்டுக்கு வாராவாரம் பணம் கட்டி, வருஷத்தில் ஒருமுறை பிள்ளைக்குப் புதுத்துணி எடுக்கிற மீனவப் பெண்ணிடம் போய் ஆடம்பரம் கூடாது என்று சொல்ல எவருக்கு உரிமை இருக்கிறது? அவள் வீட்டில் முந்திரிக்கொத்து பொரிகிற மணம் வந்தால் பாலன் பிறந்த சந்தோஷம் அந்தத் தெருவுக்கு வந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பலகாரத்தில் ஒரு தட்டு, பக்கத்து இந்து வீட்டுக்கும் இஸ்லாமியர் வீட்டுக்கும் போகாமல் இருக்காது. கேள்வி கேட்க வேண்டியது வசதி வந்துவிட்ட நம்மைப் போன்றவர்களை. மரியாளும் சூசையும் எருசலேம் ஆலயத்தில் பிள்ளையைக் காணிக்கையாக்கப் போனபோது புறாக்களைக் கொடுத்ததாக லூக்கா எழுதுகிறார். மோசேயின் சட்டப்படி அது, ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாதவர்களுக்கான காணிக்கை. அந்தக் குடும்பத்தின் பொருளாதார நிலையை அதைவிடத் தெளிவாகச் சொல்லியிருக்க முடியாது. அந்தப் பிள்ளையின் பிறந்தநாளில் புறா கொடுக்கிற வீட்டார் தயங்கி நுழைகிற கோயிலாக நம் கோயில் இருந்தால் எங்கோ பிசகியிருக்கிறது.

பிசகின இடம் நோன்பு என்று நினைக்கிறேன். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகள் அடங்கிய திருவருகைக் காலத்தைத் திருச்சபை காத்திருப்புக்காக ஒதுக்கியது. கத்தோலிக்கக் கோயில்களில் குருவானவர் தவக்காலத்தைப் போலவே ஊதா உடை உடுத்துவார். ஞாயிறுகளில் வழக்கமாகப் பாடும் வானவர் கீதம் பாடப்படாது. இடையர்களுக்கு வானதூதர் பாடிய பாட்டு அல்லவா, பிறப்பு இரவில்தான் அது மறுபடி ஒலிக்க வேண்டும். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் நாளிலிருந்து மீனும் இறைச்சியும் தொடாமல் 25 நாள் நோன்பு இருக்கிற வழக்கம் இன்னும் உண்டு. நம் பக்கத்திலோ திருவருகைக் காலத்துக்கே இடமில்லாமல் போய்விட்டது. டிசம்பர் முதல் வாரத்திலேயே கடைகளில் பாட்டு, அலுவலகத்தில் கேக், பள்ளியில் கிறிஸ்துமஸ் தாத்தா. பண்டிகை வருமுன்பே நாம் அதைச் சாப்பிட்டு முடித்துவிடுகிறோம். 25ஆம் தேதி மதியம் பிரியாணி ஆனதும் ஓர் அசதி வந்து படுக்கவைத்துவிடுகிறது.

நோன்பும் விருந்தும் ஒன்றையொன்று தாங்கி நிற்பதை நம் தமிழ்நாட்டுக்கு எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. இதே மார்கழியில்தான் திருப்பாவை பாடுகிறார்கள். ஆண்டாளின் ஆய்ப்பாடிப் பெண்கள் நெய்யும் பாலும் விட்டு, மையும் பூவும் விட்டு, விடியலில் நீராடி நோன்பு தொடங்குகிறார்கள். இயன்ற மட்டும் இரப்பவருக்குக் கொடுப்பதும் அந்த நோன்பின் பகுதி. இருபத்தேழாம் பாட்டுக்கு வரும்போது நகையும் புத்தாடையும் பூண்டு, முழங்கை வழியே நெய் வழியும் பாற்சோற்றை எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து உண்கிறார்கள். தெருவில் அந்தப் பாட்டு கேட்கிற விடியற்காலையில் நாம் குடிலுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருக்கிறோம். வேறு வேறு சாமி. ஆனால் பசி தெரிந்தவர்களுக்குத்தான் பகிர்ந்துண்ணத் தெரியும் என்பதில் இரண்டு வீடுகளுக்கும் வேறுபாடு இல்லை.

காத்திருப்பு என்றால் என்ன என்பதை 2017இல் குமரிக் கடற்கரை கற்றுக்கொண்டது. நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டிப்போட்டது. மூன்று நாள் கழித்து, டிசம்பர் 3, திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலான ஊர்களிலிருந்து ஆழ்கடலுக்குப் போன விசைப்படகுகள் பல திரும்பவில்லை. கரையில் இருந்தவர்களுக்கு எவர் உயிரோடு இருக்கிறார் என்றே தெரியாது. அந்த நான்கு ஞாயிறுகளிலும் வரப்போகிறவருக்காகக் காத்திருங்கள் என்ற வாசகங்களை அவர்கள் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். அந்த ஆண்டு அங்கே கொண்டாட்டம் இல்லை. பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பு அதே மாவட்டத்தின் குளச்சலிலும், கிழக்கே வேளாங்கண்ணியிலும், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலையில் சுனாமி வந்ததை அந்தக் கரை மறந்திருக்கவும் இல்லை. ஆனாலும் கிறிஸ்துமஸ் வந்தது. பலியும் செபமும் நடந்தன. விசுவாசத்துக்கு ஜோடனை தேவையில்லை என்று நான் சொன்னால் அது வெறும் வாக்கியம். அவர்கள் அதை வாழ்ந்தார்கள்.

கிரேச்சோ குடிலுக்கு 800 ஆண்டு நிறைந்த 2023இல் பெத்லகேமே இருண்டு கிடந்தது. காசா போரை முன்னிட்டு ஆடம்பரக் கொண்டாட்டங்களைத் தவிர்க்கும்படி எருசலேமின் திருச்சபைத் தலைவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பிறப்பிடக் கோயிலுக்கு முன்னிருக்கும் சதுக்கத்தில் வழக்கமான மரம் இல்லை. ஊரின் லூத்தரன் ஆலயத்தில் கட்டட இடிபாட்டுக் கற்களைக் குவித்து, அதன் நடுவே பாலனை வைத்தார்கள். அந்தப் படம் உலகமெங்கும் போயிற்று. உள்ளே இருப்பவர் யாரோடு கிடக்கிறார் என்பதைக் காட்டியதால் அதையும் கிரேச்சோவின் வழியில் வந்த குடிலாகவே பார்க்கிறேன்.

பேரிழப்பு நேர்ந்தால்தான் நமக்கு இது புரிய வேண்டும் என்பதில்லை. திருச்சபை நாள்காட்டியைக் கொஞ்சம் மதித்தாலே பாதி வேலை முடியும். கிறிஸ்துமஸ் காலம் 25ஆம் தேதி தொடங்குகிறதே தவிர முடிவதில்லை. ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள் தாண்டியும் போகிறது. கரோல் பாடி வீடு வீடாகப் போகிற வழக்கத்தில் ஒரு பங்கையாவது அந்த நாள்களுக்கு ஒதுக்கினால் என்ன? டிசம்பரின் முதல் மூன்று வாரம் அமைதியாகட்டும். குடிலில் நீர்வீழ்ச்சி வேண்டாம், கேழ்வரகுப் பச்சை போதும். மிச்சமாகும் பணமும் இளைஞர்களின் உற்சாகமும் 26ஆம் தேதிக்குப் பிறகு படுக்கையில் கிடக்கிற முதியவர்கள் வீட்டுக்கும், அந்த ஆண்டு சாவு விழுந்ததால் நட்சத்திரம் கட்டாத வீட்டுக்கும் போகட்டும்.

பிறகு, கட்டுமான இடங்களின் தகரக் கொட்டகைகளும் பனியன் கம்பெனி விடுதிகளும் இருக்கின்றன. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து அங்கே தங்கி வேலை செய்கிறவர்களில் கிறிஸ்தவர்கள் உண்டு. லீவும் ரயில் டிக்கெட்டும் கிடைக்காமல் கிறிஸ்துமஸுக்கு ஊர் போக முடியாதவர்கள் அவர்கள். நம் ஆலயத்தில் கடைசி வரிசையில் நின்று, பாட்டு புரியாமல் திரும்பிப் போகிறார்கள். பங்குப் பேரவை கூடி குடிலுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும்போதே, இவர்களைத் தேடிப் போக யார் யார் வருகிறீர்கள், உங்களில் யாருக்கு இந்தி தெரியும் என்று கேட்டுப் பெயரும் எழுதிக்கொள்ளலாம்.